இலைக்குவியலும் தீக்குச்சியும்

ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில் இலைக்குவியலைக் கண்டால் ஒதுங்கிப் போக வேண்டும். மிதிக்கக் கூடாது, அள்ளக் கூடாது. என் மகள் யாழினி பக்கத்தில் இருந்தால் சத்தமாகப் பேசக்கூடக் கூடாது. உள்ளே முள்ளெலி தூங்குமாம். குளிர்காலம் முழுக்கத் தூங்குமாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்த எனக்கு இலை என்றால் குப்பை. கூட்டினோமா, கொளுத்தினோமா, முடிந்தது கதை. காலையில் வாசலுக்கு வாசல் புகை எழுந்தால்தான் தெரு சுத்தமானது என்று நம்பி வளர்ந்தவன் நான். அந்த நம்பிக்கையில்தான் இரண்டு வருஷத்துக்கு முன்பு, அவள் பள்ளிக்கூடத்தில் என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை. பள்ளித் தோட்டத்தைச் சீர்செய்யப் பெற்றோர் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். போனவுடனே முதல் அதிர்ச்சி: தலைமையாசிரியை முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு எரு அள்ளிக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க ஓர் ஆள் கிடையாது. சரி, நாம் மட்டும் சும்மா நிற்பதா என்று இல்லாத வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். பாத்தி கொத்துகிற வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டேன். மூலையில் காய்ந்த இலையும் குச்சியும் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தன. பக்கத்தில் ஒரு பலகை. அதில் முள் முளைத்த உருளைக்கிழங்கு மாதிரி பிள்ளைகள் கிறுக்கிய ஒரு படம். இத்தனை பேரில் ஒருத்தர் கண்ணிலும் இந்தக் குப்பை படவில்லையே! “இதை நான் முடிச்சிடறேன்” என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். நான் அடுத்த பாத்தியைச் சொல்வதாக நினைத்துக்கொண்ட தலைமையாசிரியை, “சூப்பர், டாங்கே” என்று நன்றி சொன்னார். சாஸேஜ் சுட வைத்திருந்த லைட்டரை எடுத்துப் பற்ற வைத்தேன்.

“ஈகெல்! ஈகெல்!” என்று பிள்ளைகள் அலறின. முள்ளெலிக்கு அங்கே அதுதான் பெயர். பத்துப் பேர் வாளியோடு ஓடிவந்து தீயை அணைத்தார்கள். அடியிலிருந்து ஒன்றை எடுத்தபோது ஒரு பக்கத்து முள் எல்லாம் கருகியிருந்தது, உயிர் இருந்தது. தலைமையாசிரியை தன் ஸ்வெட்டரில் அதைச் சுருட்டிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தக் குவியல், யாழினியின் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மாதமாகச் சேர்த்துக் கட்டிய வீடு. “அப்பா, உனக்கு நெசமாவே தெரியாதா?” என்று மட்டும் கேட்டாள். அப்புறம் நாலு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த ஆடியில் லீவுக்கு ஊருக்கு வந்தோம். சிதம்பரத்தில் இருக்கிறான் என் மனைவியின் தம்பி குமார். அவன் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியில், சத்துணவுக்கு ஆகட்டும் என்று பெற்றோர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து கீரை, வெண்டைக்காய்த் தோட்டம் போடுகிறார்கள் என்றான். ஞாயிற்றுக்கிழமை யாழினியைக் கூட்டிக்கொண்டு போனேன். சுவரோரம் தென்னை மட்டையும் செத்தையும் வருஷக்கணக்கில் குவிந்து கிடந்தன. அதற்குப் பத்தடி தள்ளித்தான் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து மதியம் சாப்பிடும். குமார் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான்.

“கொளுத்தாத மச்சான்!” என்று கத்தினேன்.

“ஏன் மாமா?”

“உள்ள உசுருங்க இருக்கும்டா. அதுங்களுக்கு அது வீடு.”

“இருக்குதுன்னுதான் மாமா கொளுத்துறதே!” என்று சிரித்தான். “ஜெர்மன்காரரு சொல்றாரு, எல்லாரும் கேட்டுக்குங்கப்பா.”

விடுவேனா? மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர்களுக்கு வகுப்பே எடுத்தேன். மரியாதைக்கு நின்று கேட்டார்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு யாழினி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அதில் எனக்கு இன்னும் தலைகால் புரியவில்லை. நான் பேசிக்கொண்டே இருந்ததில், அவள் குவியலருகே மண்டியிட்டு மட்டையைத் தூக்கி உள்ளே கையை விட்டதைக் கவனிக்கவில்லை.

விசில் வருவதற்கு முன் குக்கர் சீறுமே, அந்தச் சத்தம். குமார் பாய்ந்து அவளை இடுப்போடு அள்ளித் தூக்கினான். மட்டைக்கு அடியில் கண்ணாடி விரியன். அவள் கை இருந்த இடத்தில். ஐயோ, அவள் கை இருந்த இடத்தில்! அது அவசரமே இல்லாமல் ஊர்ந்து, சுவர் ஓட்டை வழியாக வாய்க்கால் பக்கம் போய்விட்டது. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன்.

“நம்ம ஊரே மறந்துடுச்சா மாமா?” என்றான் குமார். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கே கொளுத்தியது தப்பு, இங்கே கொளுத்தாதே என்றது தப்பு. இரண்டு இடத்திலும் ‘எனக்குத் தெரியும்’ என்று முதல் ஆளாக நின்றவன் நான்தான். அங்கே வெந்தது ஒரு வாயில்லா ஜீவன். இங்கே என் பிள்ளையே போயிருப்பாள்.

குமார் தீப்பெட்டியை என் கையில் வைத்தான். “நீங்களே வைங்க.”

“ஒரு நிமிஷம்” என்றாள் யாழினி. நீள மூங்கில் கழி ஒன்றை எடுத்துத் தள்ளி நின்று குவியலைத் தட்டினாள். “தீ வைக்கப் போறோம், எல்லாரும் வெளிய போயிடுங்க.” இரண்டு ஓணான்கள் ஓடின. கொஞ்சம் யோசித்துவிட்டு அதையே ஜெர்மனிலும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. குமாரும் ஒரு கழியை எடுத்து மறுபக்கம் தட்டினான்.

குச்சியை உரசினேன். காற்றில் அணைந்துவிட்டது.

“அதுங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் குடுப்பா” என்றாள்.

இரண்டாவது குச்சியை உரசாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். தோட்ட வேலைக்கு வந்தவர்களும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.