பெட்டியைக் கட்டிப்பிடிக்கும் அம்மாக்கள்

இஸ்கந்தர் தஷ்திக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ரொட்டிக்கடை வரிசையில்தான் முதலில் கேள்விப்பட்டேன். எனக்கு முன்னால் நின்றவளிடம் அவளுடைய நாத்தனார் சொன்னாளாம். நாத்தனாருக்கு யார் சொன்னது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"வீடு வீடாப் போறாராம். வயசான பொம்பளைங்க கதவைத் தட்டி, யாருக்குப் பால் குடுத்தீங்க, எத்தனை தடவை குடுத்தீங்கன்னு கேக்கறாராம்."

"என்ன பால்?"

"என்ன பாலா? தாய்ப்பால்டீ!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் தலையை மூடிய சாதர்த் துணியின் ஓரத்தை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இஸ்கந்தர் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர். வெளிநாட்டுக்காரியாகப் புஷேருக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகியும், அக்கம்பக்கத்தில் ஒரு வம்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் குடியிருப்பு அட்டைதான். சூடான ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே அவர் மனைவி ஷஹர்பானுவிடம் போய் நின்றேன்.

அவள் மீன் குழம்புக்குக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

"கிறுக்குன்னு ஊருக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாமா? எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும். புளியை எடு."

இஸ்கந்தர் எங்கள் ஊர்த் தொலைக்காட்சி நிலையத்தில் முப்பது வருஷமாக இயக்குநராக இருப்பவர். இயக்குநர் என்றால் விவசாய நிகழ்ச்சிக்கு. இருபத்தொரு வயதில் சினிமா எடுக்கிறேன் என்று தெஹ்ரானுக்குப் போய், இரண்டு வருஷம் யார் யாருடைய படங்களுக்கோ கேபிள் சுருட்டிவிட்டு, அப்பா படுத்த படுக்கையானதும் திரும்பி வந்தார். அதற்கப்புறம் பேரீச்சை, உப்புத் தண்ணீர், இறால் குட்டை, மறுபடியும் பேரீச்சை. ஆனால் ஆசை போகவில்லை. பேரீச்சை மரத்தைத் துளைக்கும் சிவப்பு வண்டைப் பற்றி ஒரு நிகழ்ச்சி எடுத்தார். வண்டு முதன்முதலில் தோன்றும் காட்சியில் முதலில் நிழல்தான் வரும், பிறகு கால், கடைசியில்தான் முகம். தோட்டக்காரர்கள் இன்றைக்கும் கடைத்தெருவில் அவரைப் பார்த்தால், "அண்ணே, உங்க வில்லன் சௌக்கியமா?" என்று கேட்பார்கள். நிகழ்ச்சியில் சொன்ன வண்டு மருந்தின் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை.

படப்பிடிப்பில் ரப்பர் செருப்பும் தேநீர் பிளாஸ்க்குமாக நிற்பார். சத்தம் போட்டு யாரும் பார்த்ததில்லை. ஷாட் முடிந்தால் 'கட்' சொல்லமாட்டார். எங்கள் ஊரில் நன்றி சொல்வதற்குச் சொல்லும் வார்த்தைதான்: "உங்க கை வலிக்காம இருக்கட்டும்." அதைச் சொல்லும்வரை யாரும் அசையக்கூடாது. ஒரு தடவை அவருக்கு இருமல் வந்து சொல்ல முடியாமல் போனதில், பாவம், ஒரு விவசாயி நான்கு நிமிஷம் ஒரே மரத்துக்கு மருந்தடித்துக்கொண்டே இருந்தார்.

வரும் குளிர்காலத்தோடு அவருக்கு ஓய்வு. நிலையத்தில் மனமிரங்கி, போகும் முன்னால் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கதை அவருடையதே. நான்கு வருஷம் கடலில் காணாமல்போன மகன் ஒரு நாள் லாஞ்சுப் படகில் வந்து இறங்குகிறான். துறையில் அம்மா நிற்கிறாள். அவ்வளவுதான் படம். மற்றதெல்லாம் அந்த இடத்துக்கு வந்து சேரும் வழி.

சிக்கல் அந்த இடத்தில்தான். நடிக்கிறவர்கள் தாயும் மகனுமாக நடித்தாலும் அந்நிய ஆணும் பெண்ணும்தானே, தொடக்கூடாது. அதனால் எங்கள் தொலைக்காட்சியில் போரிலிருந்து மகன் வந்தாலும் சரி, சிறையிலிருந்து வந்தாலும் சரி, அம்மா ஓடி வருவாள், ஒரு முழம் தள்ளி நிற்பாள், மகன் கையிலிருக்கும் பெட்டியை வாங்கிக் கட்டிப்பிடித்து அழுவாள். பார்க்கிற எங்களுக்கும் அழுகை வந்துவிடும், பழக்கம்.

"முப்பது வருஷமாப் பாத்துட்டேன். பெட்டிக்கு இருக்கற யோகம் பிள்ளைக்கு இல்ல" என்றார் இஸ்கந்தர். "என் படத்துல அம்மா பிள்ளையைத்தான் கட்டிப்பிடிப்பா."

முதலில் நிஜமான ஒரு தாயையும் மகனையும் பிடித்தார். மீன் சந்தையில் இறால் விற்கும் அம்மாள், அவள் பையன். பிறப்புச் சான்றிதழ் நகல் எல்லாம் கோப்பில் வைத்தாயிற்று. ஒத்திகையில் அம்மாள் ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டாள். உடனே முகத்தைச் சுளித்தாள்.

"என்னடா இப்படி வேர்த்திருக்கு? பனியன் போடலையா?"

"விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும். காலையில ஏதாவது தின்னியா?"

இஸ்கந்தருக்கு அது பிடித்துப்போனது. ஆனால் மற்றக் காட்சிகளிலும் அந்த அம்மாள் கேமராவைப் பார்த்து, "தம்பி, நீ சாப்ட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்பது ஷாட்டுக்குப் பிறகு இருவருக்கும் தேநீர் கொடுத்து, கை வலிக்காமல் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

அப்புறம்தான் குலந்தாம். எங்கள் ஊர் நாடக மேடையில் முப்பது வருஷமாக அழவைக்கிறவள், ஊருக்கே சித்தி. வயது ஐம்பத்தேழு. பெற்றது மூன்றும் பெண்கள். சரி, பெட்டிதான் என்று இஸ்கந்தர் மனசு விட்டுவிட்டார். மகனாக நடிக்க, கனாவே என்ற ஊரின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் யூனுஸ் வந்தான், அவனும் நாடகக்காரன். ஒத்திகைக்கு வந்த முதல் நாள், குலந்தாம் அவன் காதைப் பிடித்துத் திருகி நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அறையே விறைத்துப்போனது.

"என்ன முழிக்கறீங்க?" என்றாள். "இவன் எனக்குப் பால்பிள்ளை. போர் வந்து அபாதானை விட்டு ஓடிவந்தோமே, இங்க தங்கின அகதி முகாம்ல பொறந்தவன். இவன் அம்மா ஜுரத்துல கிடந்தா. என் ரெண்டாவது பொண்ணு அப்ப கைக்குழந்தை. ரெண்டுக்கும் நான்தான் குடுத்தேன்."

பாலூட்டியவள் தாய். மார்க்கப்படி அவன் அவளைத் தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாம். இஸ்கந்தர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். "சித்தி, உங்களுக்கு வர்ற கஷ்டமெல்லாம் எனக்கு வரட்டும்" என்று மூன்று தடவை சொன்னாராம்.

நிலையத்தில் படங்களைத் தணிக்கை செய்யும் பரிசீலனை அறையில் இருப்பவர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இஸ்கந்தர், நான் நம்பறேன். ஆனா என் நம்பிக்கையைக் கோப்புல பின் குத்த முடியாதே" என்றார். படத்தின் தொடக்கத்தில் இவர்கள் பால்வழித் தாயும் மகனும் என்று ஓர் அட்டை போட்டால் போதும், ஆனால் அந்த அட்டைக்கு ஆதாரம் வேண்டும். நான்கு பெண்களின் சாட்சி. சும்மா 'கொடுத்தாள்' என்றால் ஆகாது. இடையில் வேறு யார் பாலும் படாமல் பதினைந்து முறை வயிறு நிறையக் கொடுத்திருக்கவேண்டும்.

இதற்காகத்தான் அவர் கதவு கதவாகத் தட்டியது. அந்த முகாமில் இருந்தவர்களில் பாதிப் பேர் அபாதானுக்கே திரும்பிவிட்டார்கள், சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யூனுஸின் அம்மாவும் இல்லை. மூன்று வாரத்தில் மூன்று பேர் கிடைத்தார்கள். ஒருத்தி அடுப்பங்கரையிலேயே கையெழுத்துப் போட்டாள். இன்னொருத்தியின் கணவன், "எம் பொண்டாட்டிகிட்ட வந்து பால் கதை பேசறியா?" என்று செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, விஷயம் தெரிந்ததும் மதியச் சாப்பாடு போட்டு அனுப்பினான். ஒருநாள் மாடிப்படியில் என்னைப் பார்த்து இஸ்கந்தர், "நாலாவது கையெழுத்தை நீங்க போட்டுடுங்களேன், உங்க எழுத்து யாருக்கும் படிக்கத் தெரியாது" என்றார். விளையாட்டுத்தான். அந்தச் சமயத்தில் நான் இந்த நாட்டிலேயே இல்லை, திருச்சியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன் என்று மூச்சுவிடாமல் விளக்கம் சொன்னேன். ஷஹர்பானு இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

மூன்று பேரும் குலந்தாம் பால் கொடுத்ததைப் பார்த்தவர்கள். எத்தனை முறை, இடையில் வேறு யாராவது கொடுத்தார்களா என்று கேட்டால் மூவரும் கையை விரித்தார்கள். "நிறையத் தடவை தம்பி. யார் எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தா?"

எண்ணியவள் ஒருத்தி இருந்தாள். பெயர் மஹ்லகா. முகாமில் குலந்தாமுக்கு அடுத்த கூடாரம்.

"அவதான் எண்ணுவா" என்றாள் குலந்தாம், முகம் கடுகடுவென்று. "ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு சத்தமாச் சொல்லுவா. 'இதோ ஆறாவது தடவை! சொந்தப் பொண்ணு எலிக்குஞ்சு மாதிரி கிடக்கு, ஊரான் பிள்ளை பூசணிக்காயா வளருது!'ன்னு. இருபதாவது தடவை சொன்னப்ப கையில இருந்த சட்டியை அவ மேல விட்டெறிஞ்சேன். நெத்தியில தையல் போட்டாங்க. அதோட பேச்சு இல்ல. முப்பத்திரண்டு வருஷம்."

"எலிக்குஞ்சு இப்ப எப்படி இருக்கா சித்தி?" என்றார் இஸ்கந்தர்.

"ஷீராஸ்ல இருக்கா. கதவுல பக்கவாட்டுலதான் நுழையறா."

மஹ்லகா இப்போது அபாதானில். யூனுஸ் இரண்டு தடவை போன் செய்தான். முதல் தடவை, "பூசணிக்காயாடா பேசறே?" என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். விஷயத்தைச் சொன்னதும், "ஆமா, எண்ணினேன், நல்லா ஞாபகம் இருக்கு. கேக்கவேண்டியவ வாயால கேக்கட்டும்" என்று வைத்துவிட்டாள். இரண்டாம் தடவையும் அதே பதில், இன்னும் சுருக்கமாக.

குலந்தாம் மாட்டேன் என்றாள். மூன்று நாள் மாட்டேன் என்றாள். இஸ்கந்தர் வற்புறுத்தவே இல்லை. புதன்கிழமை பிற்பகல் அவர் வீட்டில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். லாஞ்சு சனிக்கிழமை ஒரு நாள்தான் கிடைக்கும், அதற்கப்புறம் சரக்கேற்றிக்கொண்டு கிளம்பிவிடும். சாட்சி எழுதி அபாதானிலிருந்து பேக்ஸில் வர வியாழன் மதியம்வரை நேரம், வெள்ளி அலுவலகம் மூடல். வெளியே புழுக்கக் காற்று ஜன்னல் கண்ணாடியை வியர்க்கவைத்துக்கொண்டிருந்தது. இஸ்கந்தர் மூலையில் இருந்த ஒரு பழைய பெட்டியை எடுத்து, பூட்டு விழுகிறதா என்று திறந்து மூடிப் பார்த்தார். கீல் துருப்பிடித்திருந்தது. ஷஹர்பானுவிடம் கொஞ்சம் எண்ணெய் கேட்டார்.

"எதுக்கு அது?" என்றாள் குலந்தாம்.

"சனிக்கிழமைக்கு, சித்தி. ஒருவேளை வேணும்னா."

குலந்தாம் அந்தப் பெட்டியையே பார்த்தாள். யூனுஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இதையா? இந்தத் துருவையா நான் கட்டிப்பிடிக்கணும்?" என்றாள். "இவனுக்கு ராத்திரி பகலாக் குடுத்திருக்கேன்!" பிறகு கையை நீட்டினாள். "போனைக் குடுடா. நம்பரை நீயே போடு."

யூனுஸ் எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியைப் போட்டான். மணி அடித்தது. குலந்தாம் சாதரை நெற்றிக்கு இழுத்துவிட்டு, மேடையேறுகிறவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மஹ்லகா, நான்தான்" என்று உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தாள். அது பிடிக்காமல், "மஹ்லகா, நெத்தி எப்படி இருக்கு?" என்று மாற்றினாள்.

நான்காவது மணி, ஐந்தாவது மணி. ஷஹர்பானு எண்ணெய்ப் புட்டியோடு வாசற்படியில் நின்றாள்.

"தூங்கறாளோ என்னவோ" என்றாள் குலந்தாம். வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நிமிர்ந்து இஸ்கந்தரைப் பார்த்தாள். அவர் பெட்டியை மடியில் வைத்தபடி, ஷாட் வைக்கிறவர் போலக் கட்டைவிரலை உயர்த்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவளையும் போனையும் அளந்துகொண்டிருந்தார்.

கை வலிக்காமல் இருக்கட்டும் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அதனால் யாரும் அசையவில்லை. அபாதானில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.