சுவரில் கீறிய சிலுவை

ஆவடிப் பக்கம் எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் இருந்தது. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அந்தப் பக்கம், சேரிக்காரர்கள் நாங்கள் இந்தப் பக்கம். கோயிலில் ஒரே சாமியார் கையால்தான் நன்மை அப்பம் வாங்குவோம். செத்தால் வேறு வேறு வாசல்.

எங்கள் மகள் காய்ச்சலில் போனபோது அவளுக்கு இரண்டு வயது. கல் வைக்க வசதியில்லை. சுவரை ஒட்டிப் புதைத்துவிட்டு, அவள் தலைமாட்டில் சுவர்ப் பூச்சிலேயே ஆணியால் ஒரு சிலுவை கீறினார் என் வீட்டுக்காரர். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அந்த இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்து, கீழே மெழுகுவத்தி ஏற்றுவேன்.

தொண்ணூறுகளில் புதுச் சாமியார் வந்தார். பிரசங்கத்தில் 'பிரிவினை ஒழிப்பு' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஐந்தாவதோடு நின்றவள். வெளியே வந்து இவரைக் கேட்டேன்.

"இன்னாய்யா அது, ஒழிப்புன்னு?"

"அந்தச் சுவத்த இடிக்கப் போறாங்க. இனிமே எல்லாரும் ஒண்ணு."

"உசுரோட கீறப்போ பக்கத்துல குந்த வுடல," என்றாள் கூட வந்த நாத்தனார். "செத்தப்புறம் வுடறாங்களாம். சந்தோசமா செத்துப் போ அண்ணாத்தே."

இவர் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பாப்பா தலைமாடு?" என்றேன் மெதுவாக.

"ஞாயித்துக்கிழமதான் இடிக்கிறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு கல்லு நட்டு வெச்சிர்றேன்."

ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமையே கடப்பாரையோடு போய்விட்டார்கள். இவர் ஃபேக்டரியில் டூட்டியில் இருந்தார். சேதி கேட்டு நான் ஓடுவதற்குள் செங்கல்லை அள்ளிவிட்டு, டிராக்டர் விட்டு மண்ணையும் சமமாக்கியிருந்தார்கள். வேட்டு வெடித்துக்கொண்டிருந்தார்கள். யாரை என்ன சொல்ல?

சாயங்காலம் இவர் வந்து, "இங்கதான்" என்றார். கொஞ்சம் நடந்து, "இல்ல, அங்க" என்றார்.

ஒழிப்பு, அது நல்ல வார்த்தைதான். இன்றைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தியோடு வெறுந்தரையில் நின்றேன். அந்தப் பக்கத்து அம்மா ஒருவர், அதுவரை என் முகத்தைக்கூடப் பார்க்காதவர், பக்கத்தில் வந்தார்.

"எங்க வச்சா என்னம்மா, இப்பத்தான் எல்லாம் ஒரே மண்ணாச்சே."

நல்ல மனசோடுதான் சொன்னார். தலையாட்டினேன். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் அவளை மிதித்துவிடுவேனோ என்று, மெழுகு கையில் வழிய, அங்கேயே நின்றேன்.