அம்புரோஸ் அண்ணாச்சி தலைகீழாக்கிய பட்டியல்

அம்புரோஸ் அண்ணாச்சியின் தொண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திரேஸ்புரம் கரையில் நாட்டுப்படகு வந்து சேர்ந்ததும் மீனை ஏலம் கூறுகிறவர் அவர்தான். அவர் அங்கே வாயைத் திறந்தால், ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் பிரவுசிங் சென்டரில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இருபது வருஷமாக அந்தத் தொண்டைதான் குடும்பத்தை நடத்துகிறது. வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பை மீன் கொண்டுவருவார். நான் ஆழ்வார்திருநகரிக்காரி, பெயரே கிருஷ்ணவேணி, எங்கள் வீட்டில் மீன் வாசலைத் தாண்டாது என்று நூறு தடவை சொல்லியாயிற்று. "நீங்க திங்க வேண்டாம் தங்கச்சி, சும்மா கொழம்பு வச்சுப் பாருங்க" என்பார். இந்த மனுஷனை என்ன செய்ய?

அவருக்கு ஒரே மகள், ஜெனிஸ். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, என்ஜினியரிங் கலந்தாய்வுக்கு இருநூறுக்கு நூற்று எண்பத்திரண்டரை கட்-ஆஃப் வைத்திருந்தாள். சிவில்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடல் அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டிப் போடுவார்களே தூண்டில் வளைவு, அதைக் கட்டுகிற என்ஜினியராக வேண்டுமாம். அலை எந்தப் பக்கம் அடிக்கும் என்று எனக்கே படம் போட்டு விளக்கியிருக்கிறாள். எனக்குப் புரியவில்லை, ஆனால் பிடித்திருந்தது.

நானும் அவளுமாக மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கல்லூரிப் பட்டியல் போட்டோம். போன வருஷக் கட்-ஆஃப்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேராசையும் இல்லாமல் பயமும் இல்லாமல் போட்ட பட்டியல். முதல் வரி சென்னை, கிடைத்தாலும் கிடைக்கும். இரண்டாவது கோயம்புத்தூர். மூன்றாவது திருநெல்வேலி, அது அநேகமாக உறுதி. இப்படியே இறங்கி, கடைசி வரியில் கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கிற கல்லூரி ஒன்று. அந்தக் கல்லூரிக்கு இருந்த ஒரே சிறப்பு, அதன் பஸ் ஜெனிஸ் வீட்டுத் தெருமுனைக்கே வரும் என்பதுதான். மொத்தம் முப்பத்தொரு வரி.

இதில் வரிசைதான் உயிர். கம்ப்யூட்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். அவள் மார்க்குக்கு எந்த வரியில் இடம் இருக்கிறதோ அங்கேயே நின்று அதைக் கொடுத்துவிடும், அதற்குக் கீழே எட்டிக்கூடப் பார்க்காது. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் தானாகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் யார் அழுதாலும் திறக்காது.

அந்தக் கடைசி நாள் நாலேகால் மணிக்கு அண்ணாச்சி மீன் பையோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, நீங்க ரெண்டு பேரும் போட்ட லிஸ்டு தப்பு. நான் போன்லயே சரி பண்ணிட்டேன்."

திறந்து பார்த்தால், அத்தனையும் தலைகீழ். தெருமுனைப் பஸ் கல்லூரி முதல் வரியில். சென்னை முப்பத்தொன்றாவது வரியில். காலையிலிருந்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கட்டைவிரலால் நகர்த்தியிருக்கிறார், பாவி மனுஷன்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய அண்ணாச்சி!"

"பின்ன? எடுத்த எடுப்புல பெரிசாக் கேட்டா எவன் கிட்ட வருவான்? ஏலத்தக் கீழருந்துல்லா தொடங்கணும்? சின்னதுல தொடங்கி, ஏத்தி ஏத்திக் கொண்டுபோயி சென்னையில முடிக்கணும். இருவது வருசமா இதத்தான செய்யுதேன்?"

"இது ஏலம் இல்ல!" என்று நான் கத்திய கத்தலில், ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் காகிதத்தைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அண்ணாச்சி அசையவில்லை. கத்தல் அவருக்குத் தொழில். என் கத்தல் எந்த மூலைக்கு? வேறு வழியில்லாமல், மீன் தின்னாத நான் மீனை வைத்தே சொன்னேன்.

"வீட்டுல மீன் வாங்கச் சீட்டு எழுதிக் குடுக்காவ. முதல் வரியில மலிவான சாளை, கடைசி வரியில வெல கூடின சீலா. ஏதாவது ஒண்ணுதான் தருவாவ. கடைக்காரன் மேலருந்து படிக்கான். சாளை இருக்கு. கட்டிக் கையில குடுத்துட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுருவான். உங்க சீலா எங்க?"

"சீலாவப் போயி எவனாவது கடைசியில எழுதுவானா? கூறுகெட்ட பயதான்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். மீன் பை என் கீபோர்டில் உட்கார்ந்தது.

போன் போட்டதும் ஜெனிஸ் ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். பட்டியலைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"அப்பா, ஏலக் கணக்குலதான் மாத்துனியளா? இல்ல, நான் வீட்டுலயே கெடக்கணும்னா?"

"ஏலந்தான் ஏளா" என்றார். அந்தக் குரல் மேசையைத் தாண்டவில்லை.

மணி நாலு முப்பத்தைந்து. ஊரே அந்த நேரத்தில் உள்ளே நுழைந்ததால் வலைத்தளம் நொண்டியது. வரியை நகர்த்தினால் நகர மறுத்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கல்லூரி எண்களைப் புதிதாக அடிப்பது என்று முடிவு செய்தோம். ஜெனிஸ் மீன் பையைத் தள்ளிவிட்டுக் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். அண்ணாச்சி அவள் பட்டியல் எழுதி வைத்திருந்த பழைய தாளைப் பிடுங்கி, "நான் கூறுதேன், நீ அடி" என்றார். கல்லூரி எண், பாடம், அடுத்தது. கல்லூரி எண், பாடம், அடுத்தது. மூச்சு விடாமல், ஓர் எண் பிசகாமல், கடல்வரை கேட்கிற மாதிரி. தெருவில் போனவர்கள் என் கடையில் மீன் விற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்கள். மானம் போனது, ஆனால் நாலு ஐம்பத்தேழுக்கு முப்பத்தொரு வரியும் ஏறிவிட்டது.

முடிவு வந்தபோது கிடைத்தது மூன்றாவது வரி, திருநெல்வேலி. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அண்ணாச்சி தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். ஆனால் அதோடு முடியவில்லை. கிடைத்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலே உள்ள வரிகளுக்காகக் காத்திருக்கலாமா, இதுவே போதுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. யாராவது விலகினால் சென்னை வரும். ஜெனிஸ் அப்பாவைப் பார்த்தாள்.

"எனக்குத் திருநெல்வேலியே போதும்னுதான் இருக்கு" என்றார் அண்ணாச்சி. "அன்னைக்குச் சொன்னது பாதிப் பொய் ஏளா. பாதிதான் ஏலம். மீதி, நீ போயிருவியேன்னு பயம்."

ஸ்டூலை ஜெனிஸ் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆனா இப்பம் கையில ஒண்ணு இருக்குல்லா? இனிதான் ஏத்தணும். ஏத்தாம முடிச்சா நான் என்ன ஏலக்காரன்?"

ஸ்டூலிலிருந்து எழுந்து, கரையில் நிற்பதுபோல நின்றுகொண்டார்.

"சென்னை சிவிலு, ஒரு தரம்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "ரெண்டு தரம்!"

மூன்றாவது வரவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம்தான் இல்லை. ஜெனிஸ் ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு தரம்" என்று மெதுவாகச் சொல்லி, காத்திருக்கிறேன் என்ற இடத்தில் அமுக்கினாள்.

அடுத்த வாரம் சென்னையே கிடைத்தது. அன்றைக்கு அண்ணாச்சி கரைக்குப் போகவில்லை. திரேஸ்புரத்தில் வேறு யாரோ ஏலம் கூறினார்கள்; சத்தம் என் கடைவரைக்கும் வரவில்லை.