ஆறு வார விடுப்பும் அருவங்காட்டுக் கரும்பலகையும்

நீலகிரி மலையிலுள்ள அருவங்காட்டில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு படிப்பகம் உண்டு. அதன் வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை. எட்டு ஆண்டுகளாக நாள்தோறும் காலை ஏழு மணிக்கு அதில் பத்து வரி எழுதி வருகிறேன். பெரும்பாலும் அமெரிக்க அரசியலைப் பற்றியே எழுதுகிறேன். நம்மூர்ச் சாக்கடையை விட்டுவிட்டு வாசிங்டனை ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்போர் உளர். சாக்கடையைப் பற்றி எழுதினால் மறுநாளே அதற்குப் பொறுப்பானவர் வந்து பலகையைக் கழற்றிவிடுவார். அமெரிக்கத் தலைவர் அருவங்காட்டுக்கு வரப்போவதில்லை. அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எத்துணைப் பிழையானது என்பதைச் சென்ற ஆண்டு அறிந்துகொண்டேன்.

உண்மையில் அந்நாடு எங்களுக்குத் தொலைவில் இல்லை. அங்கே ஒருவர் காலையில் சினந்தெழுந்து வரி விதித்தால், மாலைக்குள் குன்னூர்த் தேயிலைத் தரகரின் முகம் வாடுகிறது. எமரால்டு என்னும் மலையூரில் காரட் பயிரிடும் குடும்பத்தின் பிள்ளை டெக்சாசில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறான். என் ஒரே மகளும் அங்கேதான் வாழ்கிறாள். பதினோர் ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் அவளோடு ஐந்து மாதம் தங்கினோம்.

அந்த ஐந்து மாதத்தில் அந்நாட்டின் இரு முகங்களைக் கண்டேன். அது தேர்தல் காலம். ஒரு வீட்டின் புல்வெளியில் ஒரு வேட்பாளரின் பெயர்ப்பலகையும், அடுத்த வீட்டின் புல்வெளியில் அவருடைய எதிரியின் பெயர்ப்பலகையும் நடப்பட்டிருந்தன. இரு வீட்டாரும் காலையில் கையசைத்துக்கொண்டார்கள். வியந்து நின்றேன். அதே தெருவில், மூன்று நாள் மழைக்குப் பின் வெயில் எட்டிப்பார்த்தபோது, நீலகிரிவாசிகள் யாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். ஈரப் போர்வைகள் அனைத்தையும் அள்ளிக்கொண்டு ஓடி, வேலிச் செடிகளின்மேல் விரித்தோம். மலையில் வெயில் என்பது நொடியில் போய்விடும் விருந்தாளி. கண்ட இடத்தில் துணியை விரிப்பது எங்கள் இயல்பு. நான்காம் நாள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தெருவின் அழகு கெடுகிறதாம். வேட்பாளரின் பெயரை முற்றத்தில் நடலாம். போர்வையை உலர்த்தக் கூடாது. உரிமை என்னும் சொல்லுக்கு ஒவ்வொரு நாடும் தனித்தனி அகராதி வைத்திருக்கிறது என்று அன்று எண்ணிக்கொண்டேன். ஊர் திரும்பியும் அந்நாட்டைப் படிப்பதை நான் விடவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் படிப்பகத்தார் பலகையை என்னிடம் ஒப்படைத்தபோது, முதல் நாள் எழுதியது அந்தப் போர்வைக் கதையைத்தான்.

பலகையில் நான் எழுதுவது நண்பகலுக்குள் பனியில் நனைந்து கலைந்துவிடும். அதைக் கலையாமல் காப்பவர் என் நண்பர் ஒருவர். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்ததும் கைப்பேசியில் படம் பிடித்து, படிப்பகத்தின் பெயரில் அவரே தொடங்கிய முகநூல் பக்கத்தில் ஏற்றிவிடுவார். "ஐயா, இன்னைக்கு நூத்திப்பத்துப் பேரு பாத்திருக்கறாங்க" என்பார். "படித்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்பேன். "அதெல்லாம் முகநூலுக்கே தெரியாதுங்கய்யா" என்பார்.

சென்ற ஆண்டு மகள் கருவுற்றாள். மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. அவள் மாமியாருக்கு முழங்கால் வலி, படியேற இயலாது. உதவிக்கு வேறு எவரும் இல்லை. தொலைபேசியில் தாயிடம் அவள் சொன்னதை அருகிலிருந்து கேட்டேன்.

"அம்மா, எனக்கு ஆறு வாரந்தான் லீவு. ஏழாவது வாரம் ஆபீஸ்ல இருக்கோணும். நீங்க ரெண்டு பேரும் வந்தே ஆகோணும்."

"பச்சை ஒடம்பை வச்சுக்கிட்டு எப்படிடி வேலைக்குப் போவே?"

"இங்க எல்லாரும் போறாங்கம்மா. எனக்காச்சும் ஆறு வாரம் குடுக்கறாங்க."

அந்த "ஆச்சும்" என் நெஞ்சில் தைத்தது.

நான் சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் அலுவலகங்களில் முப்பத்தோர் ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றியவன். கொழுந்து பறிக்கும் பெண்களின் பேறுகால விடுப்பு விண்ணப்பங்கள் என் மேசை வழியாகத்தான் போகும். ஒருமுறை, இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, எட்டு மாத வயிற்றோடு, தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஏறிவந்தாள். கொழுந்து மும்முரமாக வரும் காலம் என்பதால் மேலாளர் அவளுடைய விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்திருந்தார். அவள் என் மேசைமேல் கையை ஊன்றிச் சொன்னாள்: "ஐயா, நான் தர்மமா கேட்க வரல்ல. சட்டத்துல இருக்கிறதத்தான் கேட்கிறன். நீங்க எழுத மாட்டீங்கன்னா சொல்லுங்க, கலெக்டருகிட்ட போறன்." எழுதினேன். அன்று சட்டம் பன்னிரண்டு வாரம் கொடுத்தது. இன்று இருபத்தாறு வாரம் கொடுக்கிறது.

மகள் பேசிய மறுநாள் காலை பலகையில் இதையே எழுதினேன். சேரம்பாடியில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு இருபத்தாறு வாரம் ஊதியத்தோடு விடுப்புத் தரும்படி நம் சட்டம் ஆணையிடுகிறது. உலகின் செல்வச் செழிப்புமிக்க நாட்டில் கணினிமுன் அமரும் தாய்க்கு ஒரு நாள்கூட ஊதியத்தோடு விடுப்புத் தரும்படி நாடு முழுமைக்குமான சட்டம் ஏதும் இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் முதலாளியின் மனம். கடைசி வரி இது: "குடும்பமே நாட்டின் உயிர் என்று மேடைதோறும் முழங்கும் தலைவர்களே, குழந்தை பிறந்தபின் அந்தக் குடும்பத்துக்கு எத்தனை நாள் தருவீர்கள்?"

வழக்கம்போல் நண்பர் படம் பிடித்தார். வழக்கத்துக்கு மாறாக அப்படம் பரவியது. கோவையில் உள்ள சம்பந்தி வீட்டாரிடம் போய், அங்கிருந்து கடல் கடந்து மகளின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. அவள் உடனே அழைத்தாள்.

"அப்பா, போர்டுல என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

"உண்மையைத்தான் எழுதினேன்."

"உண்மைதானுங்கப்பா, நான் இல்லைங்கல. விசா கைக்கு வர்ற வரைக்கும் எழுதாம இருந்தா என்ன? இப்பெல்லாம் ஃபேஸ்புக் பாத்துட்டுத்தான் விசா குடுக்கறாங்க."

"தமிழ் படிக்கிற ஆளை வச்சிருக்கறாங்களா? நம்மூர்லயே கிடைக்க மாட்டேங்குதே."

"விளையாடாதீங்கப்பா. மொழிபெயர்க்க மெஷின் இருக்குது. உங்க தமிழை அது என்னன்னு மொழிபெயர்க்குமோன்னு நெனைச்சாத்தான் எனக்கு இன்னும் பயம்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அம்மா வராம போயிட்டா, ஏழாவது வாரம் கொழந்தையை யாருகிட்ட குடுக்கறதுன்னு எனக்குத் தெரியலைங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் குன்னூர்ப் பேருந்து நிலையத்தருகே, இணையத்தில் விண்ணப்பங்களை நிரப்பித்தரும் மையத்துக்கு நானும் மனைவியும் சென்றோம். பழைய நுழைவிசைவு காலாவதியாகியிருந்தது. மையத்தை நடத்தும் பெண்மணி சுறுசுறுப்பானவர். என் படிவத்தை முதலில் எடுத்தார். பாட்டன் பெயர் முதல் பல் எண்ணிக்கை வரை கேட்காத குறையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இறுதிப் பக்கத்துக்கு வந்தார்.

"சார், உங்களுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டா ஏதாச்சும் அக்கவுண்ட் இருக்குதுங்களா?"

"எதுவும் இல்லைங்க."

"நல்லதாப் போச்சு. அடுத்தது, அஞ்சு வருசத்துல வேற எந்தத் தளத்துலயாச்சும் ஏதாச்சும் எழுதிப் பகிர்ந்தீங்களான்னு கேக்குது. அதுக்கும் இல்லைன்னு போட்டுடறேன்."

"அதுக்கு ஆம்னு போடுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஐயோ, யாரும் அதுக்கு ஆம்னு போட மாட்டாங்க சார். இல்லைன்னு போட்டா கேள்வி அதோட முடிஞ்சுரும்."

"நான் எழுதறது முகநூல்ல வருதுங்களே. அப்புறம் எப்படி இல்லைன்னு சொல்றது?"

"எங்க எழுதறீங்க?"

"அருவங்காடு படிப்பகத்துக் கரும்பலகையில."

"சார், செவுத்துல மாட்டியிருக்கறதெல்லாம் வெப்சைட் இல்லீங்க" என்றார் அவர். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. ஆனால் முப்பத்தோர் ஆண்டுகள் பிறர் படிவங்களைச் சரிபார்த்த கை இது. தெரிந்தே ஒரு கட்டத்தில் பொய்யை நிரப்ப அதற்குப் பழக்கமில்லை. அதனினும் பெரிது ஒன்று இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால், இனிச் சுண்ணக்கட்டியை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பொய் நினைவுக்கு வரும். அஞ்சி மறைத்த ஒன்றை எவரும் அஞ்சாமல் தொடர்ந்து எழுத இயலாது.

மனைவி என் அருகில் அமர்ந்திருந்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு அந்தப் பெண்மணியைப் பார்த்துச் சொன்னார்.

"ஏனுங்க அம்மணி, என்ற ஃபாரத்தைத் தனியா எடுங்க. இவரோடத மூடி வைங்க."

"ரெண்டு பேரும் சேந்தே போடலாமுங்களே."

"வேண்டாமுங்க. நான் ஒருத்தியா போறேன்."

நான் மெல்லக் கேட்டேன், "கோபமா?"

"கோபந்தான். வேறென்ன? ஆனா பொய் எழுதுங்கன்னு ஒருநாளும் சொல்ல மாட்டேன். எஸ்டேட்டுல நீங்க பொய் எழுத மாட்டேன்னதுக்கு எத்தனை டிரான்ஸ்பரு, எத்தனை வாட்டி நான் மூட்டை கட்டியிருக்கறேன்? இந்த வாட்டி எனக்கு மட்டும் கட்டிக்கறேன். நீங்க இங்கயே உக்காந்து அமெரிக்காவைத் திருத்துங்க."

மையத்துப் பெண்மணி சிரிப்பை அடக்கக் கணினித் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். என் "ஆம்" அவருடைய விசாவையும் கெடுத்துவிடக் கூடாது என்று நானும் என் படிவத்தை மூட ஒப்புக்கொண்டேன். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த பெயர்த்தியோ பெயரனோ பிறக்கும் வேளையில் நான் அங்கே இருக்கப் போவதில்லை என்பது அந்த நாற்காலியில் முடிவாயிற்று.

செய்தி அறிந்த நண்பர் வீட்டுக்கே வந்தார். "ஐயா, அந்தப் படத்தையெல்லாம் அழிச்சுப் போடறனுங்க. என்னாலதான் இத்தனையும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒன்றையும் அழிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். எதிரெதிர்ப் பெயர்ப்பலகைகளை நட்டுவிட்டுக் கையசைத்துக்கொண்ட மனிதர்களை அந்நாட்டில் என் கண்ணால் கண்டவன் நான். அந்த நாட்டைத்தான் நான் மதிக்கிறேன். அவர்கள் இன்று அதை மறந்திருந்தால், மறவாதிருக்கும் பொறுப்பை நாம் ஏன் கைவிட வேண்டும்? எவரும் அச்சுறுத்தாதபோதே அஞ்சி அழித்துவிட்டால், அச்சுறுத்தும் வேலையை அவர்களுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தவர்கள் ஆவோம். மறுநாள் காலை மூடுபனியில் பலகை வியர்த்திருந்தது. துணியால் மும்முறை துடைத்துவிட்டு எழுதினேன். அன்றைய பொருள், அந்நாட்டு மழலையர் காப்பகங்களின் காத்திருப்போர் பட்டியல்.

மனைவியின் நேர்காணல் சென்னையில் நடந்தது. துணைக்குச் சென்ற நான் வெளியே வெயிலில் நின்றேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"குடுத்துட்டாங்க" என்றார்.

"என்ன கேட்டாங்க?"

"ஊட்டுக்காரரு வரலையான்னாங்க. அவருக்கு இங்க வேலை இருக்குதுன்னேன். என்ன வேலைன்னாங்க. எழுதற வேலைன்னேன்."

"அதோட விட்டுட்டாங்களா?"

"எதைப் பத்தி எழுதறாருன்னாங்க. உங்க நாட்டைப் பத்தித்தான்னு சொன்னேன். சன்னல்ல இருந்த அந்தம்மா சிரிச்சுட்டு பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க."

நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். மூன்று மாதமாக நாங்கள் அனைவரும் அஞ்சிய சொல்லை அவர் ஒரு சன்னலின்முன் நின்று இயல்பாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எல்லாச் சன்னலிலும் அப்படியொருவர் இருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். சிரிக்காத ஒருவரும் இருந்திருக்கலாம். அந்த வாய்ப்பைத் தெரிந்துகொண்டே அவர் சொன்னார். என் துணிவு கரும்பலகைத் துணிவு; அவருடையது அதனினும் ஒருபடி மேல். நானும் அப்போதே விண்ணப்பித்திருக்கலாமோ என்ற எண்ணம் எழாமல் இல்லை. ஆனால் இனி விண்ணப்பித்தால் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதற்குள் குழந்தை பிறந்துவிடும்.

அவர் போனார். பெண் குழந்தை பிறந்தது. நான் இங்கே தனியாகச் சமைத்து, அரைவேக்காட்டுச் சோற்றை உண்டு, கைப்பேசித் திரையில் பெயர்த்தியின் மூடிய கண்களைப் பார்த்தேன். மகள் என்னோடு நேரடியாகப் பேசவில்லை. "அப்பாகிட்ட காட்டுங்கம்மா" என்று தாயிடம் சொல்வது மட்டும் கேட்கும்.

ஏழாவது வாரத்தின் முதல் நாள் அவளே அழைத்தாள். அலுவலகத்தின் வாகன நிறுத்தத்தில், வண்டிக்குள் அமர்ந்திருந்தாள். இன்னும் இறங்கவில்லை.

"அப்பா, சட்டையெல்லாம் பாலு நனைஞ்சுருச்சு. மாத்துச் சட்டை கொண்டு வரலை. உள்ள போகோணும்."

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போ சாமி."

"நீங்க எழுதுனது தப்பில்லைங்கப்பா. நான் பயந்ததும் தப்பில்லை."

"ரெண்டும் தப்பில்லை" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, துப்பட்டாவை மார்பின் குறுக்கே போர்த்தி, கதவைத் திறந்து இறங்கினாள்.

மனைவி ஆறு மாதம் கழித்துத் திரும்பினார். குழந்தை இப்போது காப்பகத்தில் வளர்கிறது. சென்ற மாதம் நான் மட்டும் குன்னூர் மையத்துக்குச் சென்றேன். அதே பெண்மணி, அதே இறுதிப் பக்கம், அதே கேள்வி. நான் வாய் திறக்கும் முன்பே அவர் ஆம் என்பதில் அழுத்திவிட்டார். "விவரம் சொல்லுங்க சார்" என்றார். முகநூல் பக்கத்தின் பெயரைச் சொன்னேன். பிறகு பலகை இருக்கும் தெருவையும், எழுதும் நேரத்தையும் சொல்லி, வேண்டுமானால் அதிகாரிகள் நேரில் வந்து படிக்கலாம், தடையில்லை என்றும் சேர்க்கச் சொன்னேன்.

"அதுக்கெல்லாம் இடமில்லீங்க சார்" என்றார்.

"அப்ப நேர்காணல்ல நானே சொல்லிக்கறேன்" என்று கையெழுத்திட எழுதுகோலை எடுத்தேன். கையெழுத்தே தேவையில்லையாம், ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம். அழுத்தினேன்.