ஆத்தாளிடம் சொன்னதை அப்படியே சொல்

தினமும் மாத்திரை விழுங்கிக்கொண்டு, அதனால் உடம்பு படும் பாட்டை யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் நல்லது. மாரியாத்தாள் என் வாயைத் திறந்த கதை இது.

எழுபத்தொன்பதாம் வருஷம். நாமகிரிப்பேட்டைப் பக்கம், மஞ்சள் தோட்டத்துக்கு நடுவில் ஒற்றை வீடு எங்களுடையது. மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்காரர் லாரி டிரைவர். பம்பாய் லைனில் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் நானும் மாமனாரும்தான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து மருமகள் மாமனார் முன்னால் நின்று பேச மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று, "சோறு வெச்சிருக்கறனுங்க" என்பதோடு சரி. நாள் முழுக்க என் பேச்சு அவ்வளவுதான்.

அந்தத் தை மாதம் எனக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. ஒருநாள் கிணற்று மேட்டில் வெகுநேரம் நின்றிருந்தேன். மாமனார் பார்த்துவிட்டார். மறுநாளே சேலத்துக்கு பஸ் ஏற்றி, மனநோய் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

பொய் சொல்லக் கூடாது, டாக்டர் கொடுத்த மாத்திரை கேட்டது. கிணற்று நினைப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் போனது. ஆனால் உடம்பு படுத்திய பாடு இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வேன்! நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாள்கணக்கில் வெளிக்குப் போகாமல் வயிறு கல்லாகிக் கிடக்கும். ஒன்றுக்குப் போக உட்கார்ந்தால் வராமல் நின்றுகொள்ளும். கை நடுங்கும். வந்தவர்களுக்கு மோர் கொடுத்தால் பாதி அவர்கள் வேட்டியில்தான். கடலைக்காய் பறிக்கும்போதே கண் சொக்கும். கூட வேலை செய்த பெண்கள், "மகராணிக்குப் பொழுது உச்சிக்கு வரமுன்னயே தூக்கத்தப் பாருங்கடி!" என்று சிரிப்பார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நான் தள்ளிப் போய் வேறு பாத்தியில் உட்கார்ந்துகொள்வேன்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். எப்படிச் சொல்வது? பக்கத்து நாற்காலியில் மாமனார். "எப்படிம்மா இருக்கே?" என்று டாக்டர் கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். "இப்ப நல்லா இருக்குதுங்க, சோறு திங்குதுங்க" என்று மாமனார் சொல்வார். டாக்டர் அதே மாத்திரையை மறுபடி எழுதுவார். மாமனாரை வைத்துக்கொண்டு மலஜலச் சமாச்சாரத்தை ஒரு பெண் பேசுவாளா? மென்று முழுங்கிவிட்டு பஸ் ஏறுவேன். ஜன்னல் பக்கம் திரும்பி அழுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இனிமேல் முடியாது என்று ஆகிவிட்டது. மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் மாத்திரையை விட்டுவிடுவது, சிவப்பு வந்தால் தொடர்ந்து விழுங்குவது. இரண்டு பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்த பூசாரி, கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். சிவப்பு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பூசாரி நகர்ந்ததும் அம்மனிடம் சண்டைக்கே போய்விட்டேன். "ஏனாத்தா, உனக்குக் கண்ணில்லியா? முழுங்குன்னு சொல்லிப்போட்ட. வாய் வறண்டு சாவறேன். வயிறு போவமாட்டீங்குது. ஒண்ணுக்குப் போனா நின்னுக்குது. ஆருகிட்டப் போய்ச் சொல்லுவேன்? எனக்கு ஆரிருக்கா?" வாய்விட்டுக் கத்தி அழுதேன். கோயிலில் ஒருவரும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அடுத்த முறை சேலம் போனோம். "எப்படிம்மா இருக்கே?" என்றார் டாக்டர். வழக்கம்போலத் தலையைக் குனிந்தேன். மாமனார் பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நா வெளிய இருக்கறனுங்க டாக்டர்" என்றவர், என் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார். "ஆத்தாகிட்டச் சொன்னத அப்படியே இவருகிட்டயும் சொல்லு சாமி."

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "இதெல்லாம் அந்த மருந்து செய்யற வேலைம்மா. ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்று கேட்ட டாக்டர், மாத்திரையை மாற்றி, படுக்கும்போது போட்டுக்கொள்ளச் சொன்னார். கை நடுக்கம் நின்றது. வயிறு வழிக்கு வந்தது. வாய் வறட்சி மட்டும் முழுதாகப் போகவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமாளித்தேன். பிறகு டாக்டரே மெல்ல மெல்லக் குறைத்து மாத்திரையை நிறுத்தினார்.

அன்றோடு கதவுக்குப் பின்னால் நிற்பதை விட்டேன். மாத்திரை சாப்பிட்ட நாள் வரைக்கும் மாமனார் மஞ்சள் காட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம், "வாய் வறளுதா சாமி?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் விடிவதற்குக் காத்திருந்தேன். கோயிலில் எங்கே நின்று கேட்டார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு கஷ்டம் இருந்தால் மாத்திரையை நீங்களாகத் தூக்கி எறியாதீர்கள். மனதுக்குள் முணுமுணுக்கவும் வேண்டாம். கோயிலுக்குப் போய்ச் சத்தமாகவே சொல்லுங்கள். அது யார் காதில் விழ வேண்டும் என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.