எண்ணுக்கு முன்னால் ஒரு கோடு

பேச்சியம்மாள் அக்கா தோசை மாவு அரைப்பதை நிறுத்திய பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அதற்கு முன் பல மாதமாகப் பக்கத்து வீட்டில் நடந்துகொண்டிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் அவர் மாவில் சுட்ட தோசையைத் தின்றுகொண்டிருந்தேன். சிகாமட் ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் டிக்கெட் விற்றவன் நான், சில்லறையில் பத்து காசு குறைந்தாலும் கூப்பிட்டுக் கேட்கிறவன். என்ன பிரயோஜனம்?

அக்காவுக்கு அறுபத்து நாலு வயது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு உரம் போட்டு, தோட்டம் கைமாறியபோது லயத்து வீட்டைக் காலி செய்து எங்கள் தாமான் குடியிருப்புக்கு வாடகைக்கு வந்தவர். ஒரு கிரைண்டர், ஒரு பழைய ஐஸ்பெட்டி. தினம் இருபது பாக்கெட் மாவு. காலை ஒன்பதுக்குள் தீர்ந்துவிடும். அதில் வாடகை போகும். மீதியில் யாரையும் எதுவும் கேட்காமல் இருப்பார்.

மகன் கமலநாதன் கெலாங் பாத்தாவில் இருக்கிறான். அவனுக்கும் மனைவிக்கும் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் எல்லைப் பாலத்தைத் தாண்டினால் இருட்டிய பிறகுதான் வீடு. "எங்களோட வந்துடுங்கம்மா" என்று வருஷத்துக்கு நாலு தடவை கேட்பான். அக்கா ஒரு மாதம் போய் இருந்து பார்த்தார்.

"பன்னெண்டாவது மாடி தம்பி. வாய் தொறந்து பேச ஆளில்ல. செவுத்தையும் டிவியையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு எத்தன நாளு?"

பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டார். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்பது அவர் முடிவு.

பொங்கலுக்கு வந்த கமலநாதன் ஒரு நல்ல காரியம் செய்தான். கரண்டு விலை ஏறப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. "இனிமே நீங்க போஸ்டாபிஸ்ல லைன் நிக்க வேணாம்மா. மாசாமாசம் என் பேங்குல இருந்து அதுவா வெட்டிக்கும்" என்று போனை நாலு தட்டுத் தட்டினான். அதோடு மறந்தும் போனான்.

அடுத்த மாதம் கேட்டில் செருகியிருந்த கரண்டு பில்லை அக்கா பிரித்தார். அவருக்கு மலாய் வாசிக்க வராது. அடியில் இருக்கும் எண்ணை மட்டும் பார்ப்பார். எண்ணுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தது.

அந்தக் கோடு அவருக்குப் பழக்கம். தோட்டத்துச் சம்பளச் சீட்டில் கணக்கு எழுதும் கிராணி போடுகிற கோடு அது. அரிசிக்கும் அட்வான்சுக்கும் பிடித்தது போக எண்ணுக்கு முன்னால் கோடு விழுந்தால், அந்த மாதம் கையில் காசு கிடையாது. தோட்டத்துக்கு நாம்தான் பாக்கி. இருபது வருஷம் அதைப் பார்த்தவர். ஆகவே பையன் பேங்கில் காசு இல்லை, பில்லு கட்டாமல் நிற்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டார். அடுத்த மாதம் எண் பெரிதானது. கோடும் இருந்தது.

ஏன் அவனைக் கேட்கவில்லை என்று பிறகு நான் சத்தம் போட்டேன்.

"கேட்டா புள்ள மனசு சங்கடப்படும். அதோட, செலவு தாங்கலம்மா, கெளம்புங்கன்னு கூட்டிட்டுப் போயிடுவான் தம்பி."

அதனால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினார். விசிறி நின்றது. துணியைக் கையால் துவைத்தார். மாவு பத்துப் பாக்கெட்டாகக் குறைந்தது. சாயங்காலத்தில் விளக்குப் போடாமல் தெருவிளக்கு வெளிச்சத்தில் வாசலில் உட்கார்ந்திருப்பார். காற்று வாங்குகிறார் என்று நான் நினைத்தேன், மடையன். மாதம் ஐம்பது வெள்ளி போஸ்டாபிஸில் கொண்டுபோய்க் கட்டினார். கொடுத்ததை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். எவ்வளவு மிச்சம் பிடித்தாரோ, எவ்வளவு கட்டினாரோ, அவ்வளவுக்கு அந்த எண் வளர்ந்தது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அது ஆயிரத்தைத் தாண்டியது. இனி கம்பியை வெட்டிவிடுவார்கள், மகன் காரோடு வந்து நிற்பான் என்று பயந்து, ஐஸ்பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்கு நூற்றிருபது வெள்ளிக்குப் போட்டார். அதையும் கொண்டுபோய் பில்லுக்குக் கட்டினார். ஐஸ்பெட்டி போனபின் மாவு எங்கே வைப்பது?

மூன்று நாள் ரொட்டி தின்று வெறுத்துப்போய் நான் போய்க் கேட்டேன். ஐஸ்பெட்டி நின்ற இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக இருந்தது. அக்கா பிஸ்கட் டின்னிலிருந்து ஒன்பது பில்லையும் எடுத்துக் கொடுத்தார்.

"பாக்கியப் பாரு. தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சு தம்பி."

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அலமாக்! ஒன்பது பில்லிலும் அதே நூற்றைம்பது வெள்ளி வரவு. மகன் பில்லைப் பார்த்து வெட்டச் சொல்லவில்லை. விலை ஏறினாலும் பத்தட்டும் என்று மாதம் நூற்றைம்பது வெள்ளி ஒரே கணக்காக அனுப்பச் சொல்லியிருக்கிறான். அக்காவின் பில்லோ எண்பதைத் தாண்டியதே இல்லை. மிச்சம் பிடித்த மாதங்களில் முப்பதுகூட வரவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்?

"அக்கா, நீங்க பாக்கி இல்ல. கரண்டுக்காரங்கதான் உங்களுக்குப் பாக்கி. இது கூடுதலாக் கட்டின காசு."

"நீ ரயில் டிக்கெட்டு வித்தவன். உனக்கு என்ன தெரியும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கேயே கமலநாதனுக்குப் போன் போட்டு, பில்லை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். சனிக்கிழமை காரோடு வந்து நின்றான்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல? என் காச வச்சிக்கிட்டே இருட்டுல உக்காந்திருந்தீங்களா?"

"நீ ஏன்டா ஒரு தடவகூட பில்லப் பாக்கல?"

அவன் கார்ச் சாவியை எடுத்தான். "போதும்மா. துணிய எடுத்து வைங்க, போலாம்" என்றான்.

அக்கா டின்னைத் திறந்து கடைசி பில்லை எடுத்தார். கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது நம்ம காசுதானே?"

"ஆமா."

"எத்தன மாசத்துக்கு வரும்?"

நான்தான் கணக்குப் போட்டுச் சொன்னேன்: பழையபடி செலவழித்தால் ஒன்றேகால் வருஷம்.

"கட்டின காச விட்டுட்டு எப்படி வர்றது? இது தீரட்டும். தீந்ததும் நானே வர்றேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். "சரி, தீந்ததும் வரணும், சொல்லிட்டேன்" என்று போனைத் தட்டி, பேங்கில் வெட்டுவதை நிறுத்தினான். மூவரும் இரும்புக் கடைக்குப் போனோம். அதே ஐஸ்பெட்டி இருநூற்றிருபது வெள்ளி என்றான் கடைக்காரன். கமலநாதன் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தான். ஞாயிறு காலை கிரைண்டர் சத்தம் கேட்டது.

இப்போது தைப்பூசமும் முடிந்துவிட்டது. அக்கா வீட்டில் விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, மாவு மறுபடியும் இருபது பாக்கெட். பில்லு வந்த மறுநாள் அதை என்னிடம் கொண்டுவந்து, அந்த மாதம் எவ்வளவு ஓடியது என்று மட்டும் கேட்பார். அறுபத்தெட்டு என்றால் அறுபத்தெட்டு வெள்ளியை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு போஸ்டாபிஸுக்குப் போய்க் கட்டிவிட்டு வருவார். கோடு அப்படியே இருக்கிறது, அதன் பின்னால் இருக்கும் எண்ணும் குறையவில்லை.

கமலநாதன் பில்லைப் பார்ப்பதில்லை. நானும் சொல்லப் போவதில்லை. எனக்கு மாவு வேண்டும்.