ஆறு பேருக்கு ஒரு பிளக் பாயின்ட்

என் மகளைக் கம்பெனி பஸ்ஸுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போன டிரைவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அவள் ஓசூர்ப் பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தாள். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் கிளம்பும் பஸ் கெலமங்கலத்தில் எங்கள் ஊர்ப் பெண்களை இறக்கிவிட்டு, தேன்கனிக்கோட்டை சாலையில் ஒரு காலி மனையில் போய் நிற்கும். அந்த பஸ்ஸில் எல்லோரும் தூங்கித்தான் வருவார்கள். அவரவர் ஸ்டாப் வந்ததும் எப்படியோ விழித்து இறங்கிவிடுவார்கள். அன்று என் மகள் விழிக்கவில்லை. கடைசி சீட்டில் சரிந்து கிடந்தவளை டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சித்திரை மாதம். காலை டிபனுக்கு வரவேண்டியவள் வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "ஓ.டி. போட்டிருப்பாங்க, உடு" என்று சொல்லிவிட்டு என் கணவர் தோட்டத்தில் தக்காளி ஏற்றப் போய்விட்டார். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு அன்று லீவு சொல்லிவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். மதியம் பஸ்ஸைக் கழுவ வந்த கிளீனர்தான் அவளைப் பார்த்திருக்கிறார். கண்ணாடியெல்லாம் மூடிய அந்தத் தகரப் பெட்டிக்குள், உடுப்பெல்லாம் வியர்வையில் ஊறி, வாய் திறந்தபடி அவள் அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாளாம். கன்னத்தில் தட்டி எழுப்பியதும், "ஸ்டாப் வந்துடுச்சாண்ணா?" என்று கேட்டாளாம்.

அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த இடத்தில் ஒரு சின்னக் கூட்டமே சிரித்துக்கொண்டு நின்றது. என் மகள் படிக்கட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். டிரைவரையும் வரவழைத்திருந்தார்கள். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

"பொம்பளப் புள்ள இப்பிடியா தூங்கும்? ராத்திரி வேலை பாத்துச்சா, தண்ணி கிண்ணி போட்டுச்சா, கேளும்மா மொதல்ல" என்றார்.

அன்றைக்கு என் கையில் செருப்பு இருந்தது. கழற்றியது எப்போது என்று எனக்கே தெரியாது. கிளீனர்தான் நடுவில் வந்து நின்றார்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூங்கும்போது இவளுக்குத் தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நின்றுவிடுகிறது, மூளை பதறி எழுப்புகிறது, மறுபடி தூங்கினால் மறுபடி மூடிக்கொள்கிறது, அதனால் எத்தனை மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கியதாக ஆகாது என்று டாக்டர் சொன்னார். குண்டாக இருப்பவர்களுக்குத்தானே இது வரும், இவள் ஒல்லியாயிற்றே என்றேன். "இவங்களுக்குத் தாடை சின்னதும்மா, உள்ளே தள்ளி இருக்கு" என்றார். ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். தலைமாட்டில் வைக்கும் சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். அது காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். எப்போது தூங்கினாலும் இது வேண்டும், பகல் தூக்கமானாலும் வேண்டும் என்றார்.

என் நாத்தனார் செய்தி கேட்டு அஞ்செட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். "சின்ன வயசுலயே வூடு அதிரக் கொறட்ட உடுவாளே. ஆம்பளன்னா பரவால்ல. நாளைக்கு எவன் கட்டுவான்? இந்த மிஷினு சமாச்சாரத்த மட்டும் வாயத் தெறந்து வெளிய சொல்லிடாத" என்றாள். காபி குடித்துவிட்டுப் போனாள்.

குறட்டையை எல்லோரும் கேலி செய்தார்கள். அது நின்றால் நிம்மதி என்று நினைத்தார்கள். குறட்டை நிற்கும் இடத்தில்தான் மூச்சும் நிற்கிறது என்று தெரிந்த பிறகு, அவள் பக்கத்தில் படுத்து நான் அந்த மௌனத்தைக் கேட்டிருக்கிறேன். எழுந்து உலுக்கலாமா என்று கை நீளும்போது ஒரு செருமலோடு மூச்சு திரும்பி வரும். மெஷின் வந்த முதல் வாரத்தில் அந்தச் சத்தமும் இல்லை, அந்த மௌனமும் இல்லை. காற்று மட்டும் சீராக ஓடியது. அவள் எழுந்து வந்து, "அம்மா, மத்தவங்க எல்லாம் டெய்லி இப்பிடியா எந்திரிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

ஆனால் அந்த பஸ்ஸில் இனி ஏறமாட்டேன் என்றாள். கம்பெனி ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்றாள். வேலையை விட்டுவிடு என்றேன்.

"உட்டா அடுத்த மாசமே எவனையாவது கூட்டிட்டு வந்து ஒக்கார வெப்பீங்க. அத்தை சும்மாவா அஞ்செட்டில இருந்து வந்துச்சு?"

அவள் சொன்னது உண்மை. அதனால் மெஷினைப் பையில் போட்டு நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஹாஸ்டல் ஜூஜுவாடியில், லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால். மூன்று மாடி. ஓர் அறையில் ஆறு பெண்கள், அடுக்குக் கட்டில்கள், சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். ஆறு போன்களும் முறை வைத்து அதில்தான் சார்ஜ் ஏறவேண்டும். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், கெட்டில் எதற்கும் அனுமதி இல்லை. பெற்றோர் மாடிக்குப் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்குப் பக்கத்தில் தகர ஷெட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

முதல் மாதம் நன்றாகத்தான் பேசினாள். பிறகு குரல் பழையபடி ஆனது. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு தேய்ந்து போகும். "பாப்பா, பாப்பா" என்று நான் கத்துவேன். "ம்? சொல்லு, கேக்கறேன்" என்பாள். கேட்டிருக்க மாட்டாள். ஒருநாள் தானாகவே சொன்னாள். கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்றபடியே தூங்கி முன்னால் சாய்ந்துவிட்டாளாம். இன்னொரு தடவை கண்ணை மூடினால் ஐ.டி. கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்று லைன் லீடர் சொல்லிவிட்டாராம்.

"மெஷின் போடறியா இல்லியா?"

"வார்டன் ஆபீஸ்ல இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கேட்டில் நின்றேன். வார்டன் ஐம்பது வயதுப் பெண்மணி. அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். "எம் பொண்ணோட மெஷினை எதுக்கு எடுத்துப் பூட்டி வெச்சிருக்கீங்க?" என்று நான் ஆரம்பித்ததும் கையை ஆட்டினார்.

"ஆகல்லம்மா, ஆகல்ல. ஆக்ஸிஜன் மிஷின் எல்லாம் ரூம்ல வெக்கக் கூடாது."

"அது ஆக்ஸிஜன் இல்லீங்க. காத்து. ஃபேன்ல வர்ற அதே காத்து."

"நீங்க சொல்றீங்க. மத்த புள்ளைங்க அப்பா அம்மா போன் மேல போன் பண்றாங்க. டி.பி.யா, கொரோனாவா, எதுக்கு எங்க புள்ளகூடப் போட்டீங்கன்னு. நான் என்ன டாக்டரா?"

கொரோனா சமயத்தில் மூக்கில் குழாயோடு கிடந்த சொந்தக்காரர்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மூக்கில் குழாய் என்றால் தொற்று நோய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த அறைப் பெண்கள் என் மகள் பக்கத்தில் வரும்போது துப்பட்டாவால் வாயைப் பொத்தினார்களாம். அறையை விட்டுத் துரத்தவில்லையே என்று, இதை வார்டன் ஏதோ பெருந்தன்மையான விஷயம் போலச் சொன்னார்.

"அறிவில்லாத கூட்டம்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். மாடி வராந்தாக்களில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "யானையோட அம்மா வந்திருக்குடி!" என்று மேலிருந்து ஒரு குரல். குழாய் தும்பிக்கையாம். சிரிப்பு ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்கு ஏறியது.

வார்டன் உள்ளே போய் மெஷின் பையைக் கொண்டுவந்து ஷெட்டில் இருந்த செக்யூரிட்டி மேஜையில் வைத்தார். அதற்குள் என் மகள் இறங்கி வந்துவிட்டாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஏம்மா கத்தற? அவங்க எடுக்கல. நானேதான் குடுத்தேன்."

நான் வார்டனைப் பார்த்தேன். அவர் நாற்காலியை எனக்கு எதிரே திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏன்?"

"போன் சார்ஜ் போடணும்னு ஒயரப் புடுங்கிடறாங்க. தூக்கத்துல காத்து நின்னு போயி மூஞ்சில மாஸ்க்கோட முழிப்பேன். அப்பறம் போட்டோ எடுக்கறாங்க." குரலைத் தாழ்த்தினாள். "போட்டுட்டுப் படுத்தா அஞ்சு பேரும் பாக்கறாங்க. போடாமப் படுத்தா அஞ்சு பேரும் கொறட்டையக் கேக்கறாங்க. கேட்டாக் கேட்டுட்டுப் போறாங்க. பாக்க வேணாம்."

"அதுக்கு? மூச்சு நின்னு செத்துப் போறியா?"

"மெதுவாப் பேசும்மா."

மெதுவாகப் பேச எனக்குத் தெரியவில்லை. அந்த ஷெட்டில் செக்யூரிட்டியின் டேபிள் ஃபேனுக்கு ஒரு பிளக் இருந்தது. ஃபேன் ஒயரைப் பிடுங்கினேன். "ஏம்மா, ஏம்மா" என்று செக்யூரிட்டி எழுந்தார். பையிலிருந்து மெஷினை எடுத்துச் சொருகினேன். மாஸ்க்கை என் முகத்தில் மாட்டிப் பின்னால் பட்டையை இழுத்துவிட்டேன். மேலே நின்ற அத்தனை பேரையும் நிமிர்ந்து பார்த்தேன். டி.பி. வருகிறதா பாருங்கள், கொரோனா வருகிறதா பாருங்கள் என்று சொல்வதாக உத்தேசம்.

காற்று முதலில் மெல்ல வந்தது. பிறகு மூக்கு வழியாக ஏறி உள்ளே நிறைந்தது. யாரோ என் மூச்சைப் பிடுங்கித் தான் விடுவது போல இருந்தது. இதையா இந்தப் பெண் தினமும் மாட்டிக்கொண்டு கண்ணை மூடுகிறாள் என்று திகைத்துப் போனேன். ஆனாலும் கோபம் விடவில்லை. மேலே பார்த்து, "ஏண்டி" என்று வாயைத் திறந்தேன்.

அந்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வாயைத் திறக்கக்கூடாது. மூக்கில் போகும் காற்றெல்லாம் வாய் வழியாகக் கொட்டும். என் வாயிலிருந்து வார்த்தைக்குப் பதிலாகப் பஞ்சரான டயர் சத்தம் வந்தது. கன்னங்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. நிறுத்தியிருக்கலாம். எனக்கிருந்த ஆத்திரத்தில் இன்னும் பெரிதாகத் திட்டினேன். இன்னும் பெரிதாக டயர் சத்தம் வந்தது. மூன்று மாடியும் சிரித்தது. செக்யூரிட்டி சிரித்தார். வார்டன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். போன்கள் எல்லாம் என் பக்கம் நீண்டிருந்தன.

என் மகள் சிரிக்கவில்லை. ஓடி வந்து பட்டையை அவிழ்த்து மாஸ்க்கைப் பிடுங்கினாள்.

"எதுக்கு இதப் போட்ட? எச்சிப் பண்ணிட்டியே! இது என் மூக்குக்கு அளவெடுத்துக் குடுத்தது. பாரு, பூரா எச்சி. யாரு கழுவறது?"

துப்பட்டா முனையால் மாஸ்க்கைத் துடைத்தாள். அதன் ரப்பர் ஓரம் மடங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் குழாயைத் தப்பாகச் சொருகியிருந்ததைச் சரிசெய்தாள். பிறகு எல்லாவற்றையும் பைக்குள் திணித்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மேல கொண்டு போறேன் மேடம்" என்று வார்டனிடம் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

"பிளக்?" என்றார் வார்டன்.

"நான் தூங்கறப்ப எனக்கு. முழிச்சப்புறம் அவங்களுக்கு. நான் பேசிக்கறேன்."

வார்டன் என்னைப் பார்த்தார். இந்த அம்மாள் அடுத்த ஞாயிறும் வருவாள் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். "சரி, போ. ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்றார்.

அவள் என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. நான் கொண்டுபோயிருந்த எள்ளுருண்டை டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, அவருடைய ஃபேனைத் திரும்பச் சொருகிவிட்டு வந்தேன்.

அந்த வீடியோ அன்றே ஹாஸ்டல் முழுக்கச் சுற்றியிருக்கிறது. "டயரம்மா" என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று பார்க்க அறைப் பெண்கள் ஒவ்வொருவராக என் மகளிடம் மெஷினைக் கேட்டார்களாம். மாஸ்க்கைத் தரமாட்டேன் என்றிருக்கிறாள். குழாயைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருக்கிறாள். வெறும் காற்று. ஃபேன் காற்று. நான் வார்டனிடம் சொன்ன அதே விஷயம். என் வாயால் சொன்னபோது ஒருத்திக்கும் காதில் ஏறவில்லை.

இதையெல்லாம் அவள் எனக்கு உடனே சொல்லவில்லை. அடுத்த வாரம் அவளுக்கு நைட் ஷிஃப்ட். பகலில் தூங்கி, மாலையில் எழுந்ததும் கூப்பிடுவாள்.

"போட்டியா?"

"ம்."

"ஒயரப் புடுங்கினாங்களா?"

"இல்ல. வெக்கட்டுமா?"

வைத்துவிடுவாள். என்மேல் இருந்த கோபம் ஆறவில்லை. ஹாஸ்டலில் தன் மானத்தை வாங்கிவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கும் அந்தப் பெண்கள்மேலோ வார்டன்மேலோ ஒரு துளி கோபம் குறையவில்லை. ஆனால் அவள் பேசிய அந்த நாலு வார்த்தையும் தேயாமல் முழுசாக என் காதுக்கு வந்து சேர்ந்தன. அவள் வைத்த பிறகும் நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தேன்.